சர்க்கரை சேர்க்காதது

சாக்லேட் பல்லைக் கெடுக்கும் என்று சொல்லாத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் அதைச் சொல்லித்தான் என் தங்கையை வளர்த்தேன். பல் கெடும், வயிற்றில் பூச்சி வரும், சோறு இறங்காது. அவளுக்குப் பத்து வயதாகும் வரைக்கும் இவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு வேறு காரணம் வந்தது.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம் ஐயா. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் அந்தப் பெண் போலீஸ் காப்பிகூட வாங்கிக் கொடுத்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சௌந்திரம். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் காடு. முக்கால்வாசி ஜவ்வரிசிக்குப் போகும் குச்சிக்கிழங்கு, மீதி கடலை. அப்பா அப்புசாமி. அம்மா என் தங்கையைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அப்பாவுடைய ஆத்தாவின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள், சென்னியம்மாள் என்று. கூப்பிடுவது சென்னி. நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கணக்கு எனக்கு வராது.

சென்னிக்கு எல்லாம் வந்தது. வாய்ப்பாடு, பாட்டு, சைக்கிள். பத்தாவது வயதில் சர்க்கரை வியாதியும் வந்தது. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், தின்றதெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல் எலும்பாகிப்போனாள். அவள் ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, காட்டு வேலைக்கு வரும் ராசம்மாள்தான் சொன்னாள், "ஏனுங்க அம்முணி, இது சக்கரை நோவாட்ட இருக்குதுங்க" என்று. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் சண்முகவேல் பார்த்தார். இது பெரியவர்களுக்கு வருகிற மாதிரி அல்ல, குழந்தைக்கு வருவது வேறு, உயிர் உள்ளவரை தினமும் ஊசி போட்டாக வேண்டும் என்றார்.

ஊசி போடக் கற்றுக்கொண்டது நான். கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிக்க வைக்க வேண்டும். மருந்துக் குப்பியைச் சூடு படாமல் வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, அதனால் பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் புதைத்து வைத்தேன். ஒரு நீலத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அதில் அவளுடைய மூத்திரத்தை விட்டுக் காய்ச்சினால், நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கவனிக்க வேண்டும், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. மற்ற பெண்கள் வாசலில் கோலம் போடும் நேரத்தில் நான் அடுப்பில் அதைக் காய்ச்சிக்கொண்டிருப்பேன். ஒரு காலையும் தவறியதில்லை. டாக்டரே மற்றவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார், "இந்தப் பொண்ணு பார்த்துக்கிற மாதிரி நர்சுகூடப் பார்க்க மாட்டா."

இந்த வியாதியில் ஒரு வேடிக்கை உண்டு ஐயா. இனிப்பே தொடக்கூடாத பிள்ளை இனிப்பு இல்லாமல் வெளியே போகவும் கூடாது. சர்க்கரை ஏறினால் மெல்லக் கெடுக்கும், இறங்கினால் அப்போதே கெடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து கொஞ்சம் கூடிப்போனாலோ, சாப்பாடு தள்ளிப்போனாலோ, வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி, மயக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் கொஞ்சம் இனிப்பு விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அதற்காக ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்து, அதில் சாக்லேட் போட்டு வைத்தேன். எங்கே போனாலும் அது அவள் இடுப்பில் இருக்கும்.

பிள்ளைதானே. இடுப்பிலேயே சாக்லேட் இருந்தால் தின்னாமல் இருக்குமா. மயக்கம் வராத நாளிலும் எடுத்துத் தின்றாள். நீலத் தண்ணீர் செங்கலாகிவிடும். நான் கேட்டால், "இல்லீங்க்கா, நான் தொடவே இல்லீங்க்கா" என்பாள். பல்லிடுக்கில் பழுப்பாக ஒட்டியிருக்கும்.

அதனால்தான் நான் மாற்று தேடினேன். இதை நீங்கள் ஆரம்பத்தில் இருந்தே குற்றமாகப் பார்க்கிறீர்கள். அப்படி இல்லை. சேலத்தில் டாக்டர் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள். வெளியூரில் செய்தது. பச்சைத் தாள், மேலே ஓர் இலைப் படம், சர்க்கரை சேர்க்காதது என்று அச்சடித்திருந்தது. உள்ளே சாக்லேட் மாதிரியே பழுப்பு வில்லைகள். சர்க்கரை நோயாளிகளும் தின்னலாம், பல்லுக்கும் கெடுதல் இல்லை என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ் சேலத்தைத் தாண்டுவதற்குள் பொட்டலத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ.

சென்னி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது மண்ணாட்ட இருக்குதுங்க்கா. மொதல்ல இனிக்குது, அப்பறம் கசக்குது."

"ஒடம்புக்கு நல்லது கண்ணு. பழகுனா சரியாப்போயிரும்."

"ஒடம்புக்கு நல்லதெல்லாம் எதுக்குங்க்கா கசக்கோணும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் எனக்காகத் தின்றாள். ஆசை வரும்போது அது, மயக்கம் வந்தால் சாக்லேட் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தோம். அடுத்த முறை போனபோது பொட்டலத்தை டாக்டரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான், ஆசைக்குக் குடுங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. மயக்கம் வர்றப்ப இது மண்ணுக்குச் சமம். அப்ப நிஜச் சர்க்கரைதான் உயிரைக் காப்பாத்தும். சாக்லேட்டு, வெல்லம், சர்க்கரைத் தண்ணி, எதாச்சும்" என்றார். ஆமாம், என்னிடம்தான் சொன்னார். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது வீரபாகுவைப் பற்றிக் கேட்பீர்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போன ஆடிக்கு முன்னால் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லோரும் வீட்டில் ஊசி போடுகிற பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததும் பதில் சொல்லாமலே நின்றுபோனார்கள். இவர் அப்படி இல்லை. அவருடைய அம்மா மட்டும் தயங்கியபோது, "இருந்தா என்னங்கம்மா, நோவு ஆருக்கு வரலை" என்றார். அவ்வளவுதான் அவர் பேசி நான் கேட்டது. கை நகத்தில் எல்லாம் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மறுக்கவேண்டியவர்கள் மறுக்கவில்லை. மறுத்தது அப்பா. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நல்ல எடந்தான் சாமி. நான் இல்லீங்கல. ஆனா நீ போயிட்டா இவளுக்கு ஊசி ஆரு போடறது? எனக்குக் கை நடுங்குது. ராசம்மாளையா போடச் சொல்றது?"

"நாமக்கல்லுக்கே கூட்டிட்டுப் போயிக்கறனுங்கப்பா."

"கட்டிக்குடுத்த ஊட்டுல போயி எம்புள்ள ஒண்டிட்டு நிக்கோணுமா?"

எம்புள்ள என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர், வாயில் வந்ததைச் சொல்கிறார். அன்று இரவும் எல்லோருக்கும் நான்தான் சோறு போட்டேன்.

அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் என்று. அதை அடித்துவிடுங்கள் ஐயா. வீரபாகுவின் கல்யாணம் தையிலேயே ராசிபுரத்துப் பெண்ணோடு முடிந்துவிட்டது. பத்திரிகை வைத்தார்கள், அப்பா போய் மொய் எழுதிவிட்டு வந்தார். இது நடந்தது சித்திரையில். போன பஸ்ஸுக்காக யாரும் கைகாட்டுவதில்லை.

நடந்தது இதுதான். அப்பா பேசியதைச் சென்னி கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஊசிக்குழாய் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் போய்க் கத்தரிக்காயில் தண்ணீர் ஏற்றிப் பழகியிருக்கிறாள். குழம்புக்கு நறுக்க எடுத்த காயெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது, பூச்சி என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன். பங்குனியில் ஒரு காலை நான் குழாயைக் கொதிக்க வைத்து எடுத்ததும், "குடுங்க்கா, நான் போட்டுக்கறேன்" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று கொடுத்தேன். பாவாடையை ஒதுக்கித் தொடையைக் கிள்ளிப் பிடித்து, என்னைவிட லாவகமாகக் குத்திக்கொண்டாள். ரத்தம் ஒரு பொட்டுகூட வரவில்லை.

"பாத்தீங்களா? இனி நீங்க கண்ணாலம் பண்ணிக்கலாமுங்க்கா. எனக்காவ ஆரும் நிக்க வேண்டாம்."

அவளுக்கு நாள் கணக்குத் தெரியவில்லை. தை போய்விட்டது அவளுக்குப் புரியவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. காட்டில் வேலை செய்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வாரமே சென்னி இன்னொன்று கேட்டாள். பிளஸ்-டூ முடிந்ததும் சேலத்தில் காலேஜில் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன், ஊசிதான் நானே போட்டுக்கொள்கிறேனே என்று. அப்பா ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. "போயிட்டு வா சாமி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கும் ஒரு வேலை கொறஞ்சுது" என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று நேற்றில் இருந்து கேட்கிறீர்கள். வரவில்லை. அன்று நான் மணல்பானைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஈரம் போதும் என்று தெரிந்த பிறகும் தெளித்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். அவளுக்குப் பசிக்கிறதா, வேர்க்கிறதா, கண் சொருகுகிறதா என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். நடக்கிற நடையை வைத்தே சர்க்கரை எவ்வளவு என்று சொல்வேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு என் வயசெல்லாம் ஆனது. அவளுக்கு நாலு கத்தரிக்காய் போதுமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் சுருக்குப்பையில் இருந்த சாக்லேட்டை எடுத்துவிட்டுப் பச்சைப் பொட்டலத்து வில்லைகளைப் போட்டேன். ஹாஸ்டலில் யாரும் கண்காணிக்க மாட்டார்கள், இஷ்டத்துக்குச் சாக்லேட் தின்பாள், நல்லதைத் தின்னப் பழகட்டும் என்று நினைத்தேன். பச்சைத் தாளைக் கண்டாலே முகம் சுளிப்பாள். அதனால் சாக்லேட் தாளை மெதுவாகப் பிரித்து, வில்லையை உள்ளே வைத்து, பழைய மடிப்பிலேயே மடித்தேன். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. தாள் கிழிந்தால் கடையில் வாங்கியது போல இருக்காது.

ராசம்மாள் உங்களிடம் சொன்னதும் சரிதான். சித்திரையில் அது நடந்த அன்று காலையில் சர்க்கரை டப்பாவையும் வெல்லப் பானையையும் அவளுக்குத்தான் கொடுத்தேன். எறும்பு ஏறிவிட்டது என்றேன். "ஒரு எறும்பயும் காணமுங்களே" என்றாள். கொண்டு போ என்றேன். ஏழை வீடு, பிள்ளைகள் உள்ள வீடு. கொடுத்ததில் தப்பில்லை.

அன்று அப்பா திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தார். சென்னி தானே மருந்து எடுத்தாள். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மருந்துக் குப்பியில் இரண்டு வீரியம் உண்டு. அதற்குத் தக்கபடி ஊசிக்குழாயில் ஒரு பக்கம் சிவப்புக் கோடு, ஒரு பக்கம் பச்சைக் கோடு. எப்போதும் சிவப்பைப் பார்த்துத்தான் எடுப்போம். அந்த முறை கடையில் இருப்பு இல்லாமல் இரட்டை வீரியமுள்ள குப்பியைக் கொடுத்து, பச்சைக் கோட்டைப் பார்த்து எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் சொன்னார்கள். அவள் வழக்கம் போலச் சிவப்பைப் பார்த்து எடுத்தாள். இரண்டு பங்கு ஏறியது. நான் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கையால் செய்கிறேன் என்று ஒரு பிள்ளை ஆசையாகச் செய்யும்போது குறுக்கே பேசினால் அதற்குத் தன்னம்பிக்கை போய்விடும்.

சோறும் அன்று நேரமாகிவிட்டது. விறகு ஈரம்.

அப்பா பொழுது சாய்ந்து வந்தார். அவள் சமையலறையில் நான் விரித்த பாயில் கிடந்தாள். ஜவ்வரிசி ஆலை லாரியை மறித்து, முன்னால் அவளை மடியில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "சாமி, எந்திரி சாமி, ஊடு போயிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பு ஒரு தடவை முறுக்கிக்கொண்டது. பிறகு அவள் இல்லை.

டாக்டர் சண்முகவேலும் வந்தார். இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. தாளைப் பிரித்து நுனி நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். அப்பா அவரிடம், "எம்புள்ளைக்கு இனிப்புன்னா உசுருங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா என்னைப் பார்க்க இங்கே வரவில்லை என்று சொன்னீர்கள். வர மாட்டார். அவருக்குச் சமைத்துப்போட இப்போது யாரும் இல்லை. ராசம்மாள் காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம். காட்டில் கிழங்கு பிடுங்காமல் முற்றிக் கட்டையாகிக் கிடக்கிறதாம். என்னை விட்டாலும் எனக்குப் போக வீடு இல்லை, விடாவிட்டாலும் ஒன்றுதான். அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த நடு மதியத்தை. அதையும் சொல்கிறேன். அவள் கிணற்றடியில் இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜாக்கெட் முழுக்க வேர்வை. வாசற்படி தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாயை விரித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவளே சுருக்குப்பையை எடுத்தாள், விரல் நடுங்கியதில் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நான் அவிழ்த்தேன். ஒரு தாளைப் பிரித்து வாயில் வைத்தேன். மென்றாள். காத்திருந்தாள். எப்போதும் சித்த நேரத்தில் தெளிந்துவிடும் இல்லையா, அந்த நம்பிக்கையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தெளியவில்லை. இரண்டாவது கொடுத்தேன். மூன்றாவது கொடுத்தேன். நான் ஒரு நிமிஷம்கூட அவளை விட்டு எழுந்து போகவில்லை. அக்கம்பக்கத்தில் ஓடிப்போய் ஒரு கை சர்க்கரை வாங்கி வந்திருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் போகவில்லை.

அவளுக்கு நாக்கு குழறியது. "சக்கரை... சக்கரை குடுங்க்கா" என்றாள். பிறகு, "இது இனிக்கவே இல்லீங்க்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணை என் முகத்தில் இருந்து எடுக்கவே இல்லை.

"ஒடம்புக்கு நல்லது கண்ணு. முழுங்கு" என்றேன்.

முழுங்கினாள். சின்ன வயதில் இருந்தே நான் கொடுத்ததை அவள் துப்பியதே கிடையாது ஐயா. அப்படி வளர்த்திருந்தேன்.